ஒரு டைரி, உடைந்த தட்டுகள், ஒரு நோயின் பெயர்

1822 டிசம்பர். அகஸ்டஸ் டெஸ்டே என்கிற இருபத்தெட்டு வயது ஆங்கிலேயர் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிக்குப் போகிறார். அங்கே இருந்த உறவினர் ஒருவர் அவருக்கு அப்பா ஸ்தானம். போய்ச் சேர்ந்தால் அந்த மனிதர் இறந்து போயிருக்கிறார். அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் டெஸ்டேவுக்குக் கண்ணில் பிரச்னை ஆரம்பிக்கிறது. எழுத்து மாதிரிச் சின்ன விஷயங்களை உற்றுப் பார்த்தால் கலங்கித் தெரிகிறது. வரும் கடிதங்களை யாராவது வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, பதிலையும் வேறு ஒருவர்தான் எழுத வேண்டும். அதற்குப் பிறகு அவர் அயர்லாந்து போகிறார். கண்ணுக்கு எந்த வைத்தியமும் செய்யவில்லை. தானாகவே சரியாகிவிட்டது.

இதை அவர் எழுதி வைத்திருக்கிறார். தொடர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் தன் உடம்பில் என்னென்ன வந்தது, எது போனது, எது போகாமல் தங்கியது என்று எழுதிக்கொண்டே இருந்தார். இன்று மருத்துவ வரலாறு படிப்பவர்கள் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளி ஒருவர் தன் கையால் எழுதிய மிகப் பழைய விவரமான பதிவு என்று இந்த டைரியைத்தான் சொல்கிறார்கள். டெஸ்டேவுக்கு அந்தப் பெயரே தெரியாது. அவர் செத்து இருபது வருஷம் கழித்துத்தான் அந்த நோய்க்குத் தெளிவான உருவமும் பெயரும் கிடைத்தன.

நான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் என் பெரியம்மா மகள். அக்காவுக்கு முப்பத்தோரு வயதில் இடது கண் மங்கியது. கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தது. மூன்று வாரத்தில் சரியாகிவிட்டது, வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டோம். ஒன்றரை வருஷம் கழித்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போச்சு என்றாள். முதலில் பார்த்த டாக்டர் "டென்ஷன்மா, ஒண்ணுமில்ல" என்றார். இரண்டாவது டாக்டர் என் பெரியம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, கல்யாணம் செஞ்சு வச்சா சரியாயிடும் என்றாராம். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுக்கு முன்னாடி எப்பவாவது கண்ணுல ஏதாவது வந்து தானா சரியாச்சா?"

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். தமிழில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. ஸ்கிளிரோசிஸ் என்றால் தழும்பு போல இறுகிப் போவது. மரப்பு என்றால் நமக்கு ஊசி போட்டு மரத்துப்போவதுதான் ஞாபகம் வரும். தவிர இந்த நோய் தண்டுவடத்தில் மட்டும் வருவதில்லை, மூளையிலும் கண் நரம்பிலும் வருகிறது. இங்கே எல்லோரும் சொல்வது மாதிரி எம்.எஸ். என்றே எழுதிவிடுகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? நரம்பு நாரின் மேல் மயலின் என்ற கொழுப்புப் படலம் சுற்றியிருக்கிறது. மின்சார வயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை மாதிரி என்று வழக்கமாகச் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் பாதி உண்மைதான். மயலின் ஒரே நீளமாகப் போவதில்லை, இடையிடையே சின்ன இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக இருக்கிறது. அந்த இடைவெளிகளுக்கு ரேன்வியர் கணுக்கள் என்று பெயர், பிரெஞ்சு விஞ்ஞானி லூயி ரேன்வியர் விவரித்தது. சமிக்ஞை கணுவிலிருந்து கணுவுக்குத் தாவித் தாவிப் போகிறது. எழும்பூரில் கிளம்பும் பாசஞ்சர் எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும், எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டு, விழுப்புரம் என்று சில இடத்தில் மட்டும் நிற்கும், இல்லையா? அது மாதிரி. மயலின் இல்லாத மெல்லிய நாரில் சமிக்ஞை நொடிக்கு ஒரு மீட்டர் வாக்கில் ஊர்கிறது. நல்ல தடிமனான மயலின் உள்ள நாரில் நொடிக்கு நூறு மீட்டர் வரை ஓடுகிறது.

எம்.எஸ்.ஸில் நம்முடைய நோய் எதிர்ப்பு அணுக்களே மூளைக்குள் நுழைந்து இந்த மயலினைத் தாக்குகின்றன. தாக்கிய இடத்தில் சமிக்ஞை தடுமாறுகிறது, அல்லது நின்றே போகிறது. அந்த இடம் கண் நரம்பாக இருந்தால் பார்வை மங்கும். தண்டுவடமாக இருந்தால் கால் மரக்கும், நடை தள்ளாடும், சிறுநீர் கட்டுப்படாது. சிறுமூளைப் பாதையாக இருந்தால் டம்ளரை எடுக்கப்போன கை நடுங்கும். ஒரே நோய், ஆனால் ஒருவருக்கு வருவது மாதிரி இன்னொருவருக்கு வராது. பிறகு வீக்கம் வடிகிறது, உடம்பு ஓரளவு மயலினைத் திரும்பக் கட்டுகிறது, வெறும் நாரும் சமிக்ஞையைக் கடத்த ஏதோ வழி கண்டுபிடிக்கிறது. அதனால் நோயாளி தேறிவிடுகிறார். தாக்கிய இடத்தில் கடைசியில் தங்குவது தழும்பு. சுமார் 85 சதவீதம் பேருக்கு ஆரம்பத்தில் இப்படி வந்து போய், வந்து போய்த்தான் இருக்கும்.

சிக்கலே இங்கேதான். வந்து போகிற ஒன்றை எப்படிப் பிடிப்பது? கண் டாக்டர் கண்ணைப் பார்த்தார், அது சரியாகிவிட்டது. ஒன்றரை வருஷம் கழித்துக் காலைப் பார்க்கும் டாக்டருக்குக் கண்ணின் கதை தெரியாது. இரண்டையும் ஒரே மனிதர் ஞாபகம் வைத்திருந்தால்தான் நோய் கண்ணுக்குத் தெரியும்.

டெஸ்டே ஞாபகம் வைத்திருந்தார். இந்த ஆள் யாரென்று சொல்லிவிடுகிறேன், கதை கொஞ்சம் பரிதாபமானது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன். அப்பா இளவரசர் அகஸ்டஸ், அதாவது சசெக்ஸ் பிரபு. ராஜாவின் அனுமதி இல்லாமல் 1793-ல் ரோம் நகரில் லேடி அகஸ்டா மர்ரியைக் கல்யாணம் செய்துகொண்டார். அரச குடும்பத் திருமணங்களுக்கு அனுமதி கட்டாயம் என்று 1772-லேயே சட்டம் இருந்தது. 1794 ஜனவரியில் குழந்தை பிறந்தது, அதே வருஷம் ஆகஸ்டில் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. பிறந்த சில மாதத்திலேயே பையன் சட்டப்படி வாரிசு இல்லை என்றாகிவிட்டது. அப்பா இறந்த பிறகு பிரபு பட்டம் தனக்குத்தான் என்று பிரபுக்கள் சபை வரை போய்ப் பார்த்தார், 1844-ல் தள்ளுபடி. அப்போது அவரால் சரியாக நடக்கக்கூட முடியாது.

டைரிக்கு வருவோம். 1826-ல் கண் மறுபடியும் மங்கித் தெளிந்தது. 1827-ல் இத்தாலிக்குப் போனார். அங்கே பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. வைத்தியர் நெற்றிப்பொட்டில் அட்டைப்பூச்சி விட்டார், அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் அதுதானே. இரட்டைப் பார்வை போனது, ஆனால் அடுத்து காலில் பலம் போக ஆரம்பித்தது. கீழே விழுந்தார். இடுப்புப் பக்கம் உணர்வு மழுங்கியது, சிறுநீர், மலம் அடக்குவதில் சிரமம். கொஞ்சம் தேறினார். ஆனால் பழைய இடத்துக்கு முழுதாகத் திரும்பவில்லை. அடுத்த இருபது வருஷமும் இதே படிக்கட்டு இறக்கம்தான். கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி. தாம்பத்திய இயலாமை பற்றிக்கூட மறைக்காமல் எழுதியிருக்கிறார், அந்தக் காலத்துப் பெரிய வீட்டு மனிதருக்கு அது சாதாரணம் இல்லை.

வைத்தியங்களின் பட்டியல் படித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தினம் இரண்டு வேளை மாட்டிறைச்சி, கூடவே ஒயின். முதுகைத் தேய்க்க பிரஷ். ஜெர்மனி ட்ரிபர்க் ஊர் ஊற்று நீரில் குளியல். கடைசியில் மின்சாரம் பாய்ச்சுவது வரை. ஒவ்வொன்றையும் செய்த பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுகிறார். 1848 டிசம்பரில் இறந்தார். டக்ளஸ் ஃபர்த் என்ற மருத்துவர் இந்த டைரியை ஆராய்ந்து 1948-ல் புத்தகமாக வெளியிட்டார், சரியாக நூறு வருஷம் கழித்து. அவர்தான் இது எம்.எஸ். என்று சொன்னவர்.

இதற்கும் முந்தைய நோயாளியாக நெதர்லாந்தின் புனித லிட்வினாவைச் சொல்வார்கள், 1390களில் பனிச்சறுக்கில் விழுந்து படுத்த படுக்கையானவர். இருக்கலாம். ஆனால் புனிதர் வரலாறுகளை மருத்துவக் குறிப்பு மாதிரி வாசிப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. நோயைவிட அற்புதங்களைச் சொல்லத்தான் அவை எழுதப்பட்டன.

டெஸ்டே டைரி எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில் பாரிஸில் வேறு ஒரு வேலை நடந்துகொண்டிருந்தது. பிணங்களை அறுத்துப் பார்க்கிற வேலை. ராபர்ட் கார்ஸ்வெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே பிணவறைகளில் உட்கார்ந்து, நோயுற்ற உறுப்புகளை வண்ணத்தில் வரைந்தார். ஒன்றிரண்டல்ல, சுமார் 2000 ஓவியங்கள். 1838-ல் வெளியான அவருடைய படப்புத்தகத்தில் ஒரு தண்டுவடம் இருக்கிறது. அதன் மேல் அங்கங்கே பழுப்பு நிறத் திட்டுகள். எம்.எஸ். தழும்புகளை அச்சில் முதலில் காட்டியவர்களில் அவர் ஒருவர். ஆனால் அந்த நோயாளி உயிரோடு இருந்தபோது அவர் பார்த்ததே இல்லை. பக்கவாதம் இருந்தது என்று தெரியும், அந்த மனிதரின் கதையில் இந்தத் திட்டுகளை விளக்கும்படி எதுவும் கிடைக்கவில்லை என்றே எழுதி வைத்தார். அதே காலத்தில் பாரிஸ் பேராசிரியர் ழான் க்ருவேயேவும் இப்படியான திட்டுகளை வரைந்து வெளியிட்டார். அவர் ஒரு படி மேலே போய் நோயாளிகள் என்ன கஷ்டப்பட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதினார்.

யோசித்துப் பாருங்கள். லண்டனில் ஒருத்தர் கையில் இருபது வருஷக் கதை இருக்கிறது, உள்ளே என்ன என்று தெரியாது. பாரிஸில் இன்னொருத்தர் கையில் உள்ளே இருப்பதன் படம் இருக்கிறது, கதை இல்லை. நேரம் ஒரு பக்கம், இடம் ஒரு பக்கம். இரண்டும் சந்திக்க முப்பது வருஷம் ஆயிற்று.

சேர்த்து வைத்தவர் ழான் மார்ட்டின் ஷார்கோ. குதிரை வண்டி செய்பவரின் மகன். 1862-ல் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பொறுப்புக்கு வந்தார். மருத்துவமனை என்றால் நாம் நினைப்பது மாதிரி இல்லை. முன்பு வெடிமருந்து செய்த இடம், பெயரே வெடியுப்பிலிருந்து வந்தது. பிறகு ஏழைப் பெண்கள், முதியவர்கள், மனநோயாளிகள் என்று போக்கிடம் இல்லாதவர்களை அடைத்து வைக்கிற ஊர் மாதிரி ஆனது. சுமார் 5000 பேர். வேறு டாக்டர்கள் இதைத் தண்டனை மாற்றல் என்று நினைத்திருப்பார்கள். ஷார்கோவுக்கு அது புதையல். காரணம், உள்ளே வந்தவர்கள் வெளியே போவதில்லை. வருஷக்கணக்கில் அதே நோயாளியைப் பார்க்கலாம், இறந்த பிறகு அதே நோயாளியின் மூளையையும் பார்க்கலாம். இதைப் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. அந்தப் பெண்களின் சம்மதத்தை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. ஆனாலும் நோய் பிடிபட்டது அப்படித்தான்.

இதில் ஒரு கதை உண்டு. சொன்னவர் சிக்மண்ட் ஃப்ராய்ட், அவர் ஷார்கோவின் மாணவர். 1893-ல் குரு இறந்தபோது எழுதிய அஞ்சலியில் வருகிறது. கை நடுக்கம் உள்ள ஒரு பெண், அந்தத் தடுமாற்றத்தால் எங்கும் வேலை கிடைக்காமல் இருந்தார். ஷார்கோ அவரைத் தன் வீட்டிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டார். அந்த அம்மா உடைத்த தட்டுகளுக்கும் பாத்திரங்களுக்கும் ஒரு சின்னச் சொத்தே போயிற்றாம். ஆனால் ஷார்கோ வருஷக்கணக்கில் அந்த நடுக்கத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தார். அந்த அம்மா இறந்த பிறகு மூளையையும் தண்டுவடத்தையும் பரிசோதித்தபோது, திட்டுத் திட்டாகத் தழும்புகள். டுஷேன் என்ற மூத்த மருத்துவர் விவரித்துவிட்டு, காரணம் தெரியாமல் விட்டிருந்த அந்த நடுக்கத்தின் அடிப்படை இதுதான் என்று நிரூபிக்க முடிந்தது.

நோயாளியைப் பாத்திரம் தேய்க்க வைத்து ஆராய்ச்சி செய்ததைக் கருணை என்பதா, வேறு என்ன சொல்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆனால் யாரும் வேலை தராத ஒருத்திக்கு அந்த வீட்டில் வேலையும் சாப்பாடும் இருந்தது. அந்த அம்மா என்ன நினைத்தார் என்று எழுத அவரிடம் டைரி இல்லை.

1868-ல் ஷார்கோ தன் விரிவுரைகளில் இந்த நோயைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். பிரெஞ்சுப் பெயரின் பொருள் 'சிதறிய திட்டுத் தழும்பு'. பார்க்கின்சன் நோயிலும் நடுக்கம் உண்டு, இதிலும் உண்டு. வித்தியாசம் என்ன? பார்க்கின்சனில் கை மடியில் சும்மா இருக்கும்போது நடுங்கும். இதில் எதையாவது எடுக்கப் போகும்போது நடுங்கும். இன்றைக்கும் மருத்துவ மாணவர்கள் படிக்கிற விஷயம். கண்மணி துடிப்பது, வார்த்தையைத் துண்டு துண்டாகப் பேசுவது என்று இன்னும் இரண்டைச் சேர்த்து மூன்று அடையாளங்கள் சொன்னார். தழும்பில் மயலின் அழிந்திருக்கிறது, உள்ளே நார் பெரும்பாலும் தப்பியிருக்கிறது என்பதையும் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார். நார்களும் அறுந்துபோகின்றன, ஆரம்பத்திலேயே கூட, என்று 1998-ல்தான் அழுத்தமாகக் காட்டப்பட்டது. நாள்பட நிரந்தர ஊனம் வருவது அதனால்தான்.

வைத்தியம்? ஸ்ட்ரிக்னின், தங்க உப்பு, வெள்ளி உப்பு எல்லாம் கொடுத்துப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

இதே ஷார்கோதான் பிற்காலத்தில் ஹிஸ்டீரியா பக்கம் போய் அதனாலேயே புகழடைந்தார். அதன் பின்விளைவு எம்.எஸ். நோயாளிகளுக்கு நல்லதாக இல்லை. இன்றைக்குக் கண் மங்கும், நாளைக்குச் சரியாகும், அடுத்த மாதம் கால் வராது, பரிசோதித்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இது ஒரு பெண்ணுக்கு வந்தால் ஹிஸ்டீரியா என்று எழுதிவிடுவது சுலபமாகப் போயிற்று. லண்டன் நரம்பியல் மருத்துவர் தாமஸ் பஸ்ஸர்ட் 1890களிலேயே, ஹிஸ்டீரியா என்று தள்ளப்படுகிறவர்களில் உண்மையான நரம்பு நோய் இருக்கிறது, ஜாக்கிரதை என்று எச்சரித்தார். ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பல பதிவுகளில் இந்த நோய் ஆண்களுக்குத்தான் அதிகம் என்று இருக்கிறது. இன்று நமக்குத் தெரிந்த உண்மை நேர் எதிர். பெண்களுக்கு ஆண்களைப் போல இரண்டு மூன்று மடங்கு வருகிறது. இத்தனை பெண்கள் அப்போது எங்கே போனார்கள்? ஒரு பகுதியினர் வேறு பெயரில் எழுதப்பட்டுப் போனார்கள். அக்காவுக்குக் கல்யாணம் செய்து வைக்கச் சொன்ன டாக்டரை நினைத்துக்கொண்டேன்.

சரி, உடம்பு தன்னையே தாக்குகிறது என்று எப்படித் தெரிந்தது? இங்கே நமக்கு நெருக்கமான ஒரு விஷயம் வருகிறது. நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி, நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மறக்காது. அந்த மருந்து செம்பிள் தடுப்பூசி. டேவிட் செம்பிள் என்பவர் இமாசலத்தின் கசௌலியில் 1911 வாக்கில் உருவாக்கியது. நம்ம குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் இந்த வகைத் தடுப்பூசியைப் பல்லாண்டு தயாரித்தார்கள். ஆட்டு மூளையில் வெறிநாய்க் கிருமியை வளர்த்து, அதைச் செயலிழக்கச் செய்து, மூளையோடு சேர்த்தே அரைத்துக் கொடுப்பது. அதற்கு முந்தைய பாஸ்டரின் தடுப்பூசி முயல் தண்டுவடத்தில் செய்தது. இவற்றைப் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு, எண்ணிக்கை குறைவுதான், சில வாரத்தில் கை கால் விழுந்தது. வெறிநாய்க் கிருமி சரியாகச் சாகவில்லையோ என்றுதான் முதலில் சந்தேகம்.

நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் குழு இதைச் சோதித்தது. கிருமியே இல்லாமல், வெறும் முயல் மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். 1933-ல் முடிவு வந்தது. சில குரங்குகளுக்கு மூளையில் வீக்கம், மயலின் அழிவு. கிருமி தேவையே இல்லை. வெளியிலிருந்து வந்த மூளைத் திசுவை எதிர்க்கக் கற்றுக்கொண்ட உடம்பு, தன் மூளையையும் அதே கண்ணோடு பார்க்க ஆரம்பித்துவிட்டது. எம்.எஸ். பற்றிய சோதனைகள் பலவற்றுக்கு அடிப்படை இந்தக் குரங்குகள்தான். அந்த ஆட்டு மூளைத் தடுப்பூசியை இந்தியா 2000களின் நடுவில்தான் கைவிட்டது என்பதையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது.

இடையில் ஒரு விளம்பரம். 1945 மே 1, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை. சில்வியா லாரி என்ற பெண்ணின் சகோதரருக்கு எம்.எஸ். இந்த நோயிலிருந்து குணமானவர்கள் யாராவது இருந்தால் தொடர்பு கொள்ளவும் என்று வரி விளம்பரம் கொடுத்தார். ஐம்பது பதில் போல வந்தன. ஒருவர்கூடக் குணமானவர் இல்லை. எல்லோரும் இதே கேள்வியோடு இருந்தவர்கள். அடுத்த வருஷம் அவர் ஒரு சங்கம் தொடங்கினார், இன்றைய அமெரிக்க தேசிய எம்.எஸ். சங்கம். அதன் முதல் ஆராய்ச்சி உதவித்தொகை எல்வின் கபாட் என்பவருக்குப் போனது. நோயாளிகளின் தண்டுவட நீரில் எதிர்ப்புப் புரதங்கள் அதிகம் என்று காட்டியவர் அவர். இன்று முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துச் செய்கிற பரிசோதனையின் வேர் அங்கே இருக்கிறது.

அதுவரை நோயை உறுதி செய்ய என்ன வழி? சுடுதண்ணீர்த் தொட்டி. நிஜமாகத்தான். வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890-ல், உடற்பயிற்சி செய்தால் சில நோயாளிகளுக்குப் பார்வை தற்காலிகமாக மங்குகிறது என்று கவனித்தார். பிறகுதான் உண்மைக் காரணம் உடல் சூடு என்று புரிந்தது. மயலின் இழந்த நார் ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறது, வெப்பம் கொஞ்சம் ஏறினால் கடத்தல் அறுந்துவிடும். அதனால் சந்தேகம் உள்ளவர்களைச் சுடுநீரில் உட்காரவைத்து அறிகுறி வருகிறதா என்று பார்த்தார்கள். கத்திரி வெயிலில் அக்கா மத்தியானம் வெளியே போவதில்லை. போனால் கண்ணும் காலும் பழையபடி மக்கர் பண்ணும், நிழலுக்கு வந்து குளிர்ந்ததும் சரியாகும். இது புதுத் தாக்குதல் இல்லை, பழைய தழும்பின் குரல்தான் என்று தெரியாமல் முதல் கோடையில் எல்லோரும் பயந்து போனோம்.

எம்.ஆர்.ஐ. வந்ததும் எல்லாம் மாறியது. 1981-ல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் எம்.எஸ். நோயாளிகளின் மூளையைப் படம் எடுத்தபோது, சி.டி. ஸ்கேனில் தெரியாத எத்தனையோ திட்டுகள் தெரிந்தன. கார்ஸ்வெல் பிணவறையில் வரைந்ததை உயிரோடு இருப்பவரிடம் பார்க்க முடிந்தது. நோயாளிக்கே தெரியாமல் வந்து போன திட்டுகளும் இருந்தன. 2001-ல் நியூசிலாந்தைச் சேர்ந்த இயன் மக்டொனால்ட் தலைமையில் வகுத்த விதிகளில் பழைய அடிப்படையே தொடர்கிறது. நோய் இடத்தில் சிதறியிருக்க வேண்டும், காலத்திலும் சிதறியிருக்க வேண்டும். அதாவது நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடம், ஒன்றுக்கு மேற்பட்ட சமயம். புதுசு என்னவென்றால் இரண்டாவது தாக்குதல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, பிந்தைய ஸ்கேனில் புதுத் திட்டு தெரிந்தால் போதும். 2017 திருத்தத்தில் இன்னும் சுருக்கிவிட்டார்கள், தண்டுவட நீரின் சாட்சியும் செல்லும்.

மூன்றாவது டாக்டர் அக்காவிடம் கேட்ட கேள்வி இந்த 'காலச் சிதறல்'தான்.

இந்தியாவில் இந்த நோய் ரொம்ப அபூர்வம் என்றுதான் நீண்ட காலம் பாடத்தில் இருந்தது. குளிர்நாட்டு வெள்ளைக்காரர் நோய். பூமத்திய ரேகையிலிருந்து விலக விலக அதிகமாகிறது என்பது உண்மைதான். ஆனால் ஸ்கேன் வசதியும் நரம்பியல் மருத்துவர்களும் பெருகப் பெருக இங்கேயும் எண்ணிக்கை ஏறுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஆசியாவில் எம்.எஸ். என்று எழுதப்பட்ட பலருக்கு உண்மையில் இருந்தது நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா. கண் நரம்பையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் வேறு நோய். 2004-ல் அதற்கான எதிர்ப்புப் புரதம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் பிரிக்க முடிந்தது. இது முக்கியம், ஏனென்றால் எம்.எஸ். மருந்துகள் சில அந்த நோயை மோசமாக்கும். அதைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும்.

மருந்து என்று உருப்படியாக வந்தது 1993-ல், இன்டர்ஃபெரான் பீட்டா. அமெரிக்காவில் மருந்து போதாமல் யாருக்குக் கொடுப்பது என்று குலுக்கல் போட்டார்கள். அதன் பிறகு வரிசையாக வந்துவிட்டன, தாக்குதல்களை வெகுவாகக் குறைக்கின்றன. ஆரம்பத்திலிருந்தே விடாமல் ஏறிக்கொண்டே போகும் வகைக்கு முதல் மருந்து 2017-ல்தான் அனுமதி பெற்றது. முற்றாகக் குணப்படுத்துவது இன்னும் இல்லை. விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது.

ஏன் வருகிறது? 2022-ல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் இருபது வருஷ விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். எம்.எஸ். வந்தவர்கள் 955 பேர். எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு ஏறியது, மற்ற வைரஸ்களுக்கு அப்படி இல்லை. ஆனால் அந்த வைரஸ் பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லோர் உடம்பிலும் இருக்கிறது, எனக்கும் இருக்கும், உங்களுக்கும் இருக்கும். அப்புறம் ஏன் சிலருக்கு மட்டும்? மரபணு, வைட்டமின் டி, புகைபிடித்தல் என்று துணைக் காரணங்கள் இருக்கின்றன. முழுக் கணக்கு இன்னும் போடவில்லை. தவறாமல் கேட்கிறார்களே என்று சொல்கிறேன், இது தொற்றுநோய் இல்லை, பக்கத்தில் இருப்பவருக்கு ஒட்டாது.

இந்தப் பதிவை வெளியிடும் முன் அக்காவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பேங்க்கில் கொடுத்த ஒரு டைரியில் அவள் இப்போதெல்லாம் குறித்து வைக்கிறாள், தேதி, எந்தப் பக்கம், எத்தனை நாள். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வாசித்தாள். "கண்ணு மூணு வாரம் இல்லடா, அஞ்சு வாரம். அப்புறம் மரத்துப்போச்சுன்னு எழுதாத. அன்னிக்கு வேற வார்த்தை கிடைக்கல, அதான் அப்படிச் சொன்னேன். ஈரத் துணியை இறுக்கிச் சுத்தின மாதிரி இருந்துச்சு" என்றாள். மேலே திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். அவள் சொன்னதுதான் சரி.